உன்னை வளர்ப்பது கஷ்டமாக இருந்ததா என்று கேட்டாய்

ராசா,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசியதிலிருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை. மதிக்கு மசக்கை குறைந்திருக்கிறதா, சோறு இறங்குகிறதா, இன்னும் ஆபீசுக்குப் போய் வருகிறாளா என்று நான்தான் கேட்டுக்கொண்டே இருந்தேன். நீ எல்லாவற்றுக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னாய். வைக்கப்போகிற நேரத்தில், "எம்மா, ஒண்ணு கேக்கணும். என்னை வளக்க ஒனக்குக் கஷ்டமா இருந்துச்சா? உண்மையச் சொல்லு" என்றாய். நான் யோசிக்கக்கூட இல்லை. "போலே கிறுக்குப் பயலே, ஒன்ன வளக்க என்ன கஷ்டம்?" என்று சொல்லிச் சிரித்துவிட்டேன். நீயும் சிரித்தாய். போனை வைத்த பிறகுதான் நீ சும்மா கேட்கவில்லை என்று எனக்கு உறைத்தது.

மதி வயிற்றில் இருக்கும் பிள்ளைக்கும் உன் நோய் வரப் பாதிக்குப் பாதி வாய்ப்பு இருக்கிறது என்று பெங்களூரில் உங்கள் டாக்டர் சொல்லியிருக்கிறார். கருவிலேயே பரிசோதனை செய்து பார்க்கலாம், செய்வதானால் சீக்கிரம் சொல்லுங்கள் என்றும் சொல்லியிருக்கிறார். இதை என்னிடம் மதிதான் சொன்னாள், நீ சொல்லவில்லை. உன்னைப் போல இன்னொரு பிள்ளை பிறந்தால் பெற்றவளுக்கு என்ன ஆகும் என்பதைத்தான் என்னிடம் சுற்றி வளைத்துக் கேட்டிருக்கிறாய். அந்தக் கேள்விக்குச் சிரிப்பு பதில் ஆகாது. போனில் சொல்ல ஆரம்பித்தால் பாதியில் நீ கிரிக்கெட்டுக்குத் தாவிவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். உனக்குத் தெரிந்ததையும் சேர்த்தே எழுதுகிறேன். மதியும் படிக்கட்டும்.

நாலு வயது வரை நீ மற்றப் பிள்ளைகளைப் போலத்தான் ஓடி ஆடினாய். ஒரு மழைக்காலத்தில் பாயில் உட்கார்ந்து விளையாடிக்கொண்டிருந்தவன், அப்பா கடையிலிருந்து வந்து கதவைத் தட்டிய சத்தம் கேட்டு எழுந்து ஓடப்போனாய். மரக்கட்டையைத் தள்ளிவிட்டதுபோல் அப்படியே முன்னால் விழுந்தாய். கையை ஊன்றக்கூட இல்லை. உதடு கிழிந்து ரத்தம் வந்தது. அழுது ஓய்ந்த பிறகு கண்ணைத் திறக்க முடியவில்லை. "அம்மா, கண்ணு வரமாட்டேங்கு" என்றாய். இறுக மூடிய இமைகள் அப்படியே நின்றுவிட்டிருந்தன. நான் பயந்துபோய்த் தண்ணீர் தொட்டுத் துடைத்தேன். கொஞ்ச நேரத்தில் அவை தாமாகவே திறந்துகொண்டன. ஒன்றும் நடக்காதவன்போல நீ எழுந்து விளையாடப் போய்விட்டாய். நான்தான் ஈரத் துணியைக் கையில் வைத்துக்கொண்டு அதே இடத்தில் உட்கார்ந்திருந்தேன்.

அதற்குப் பிறகு நீ விழாத வாரம் இல்லை. ஒருமுறை தெருவில் லாரி ஹாரன் அடித்ததற்கு விறைத்து விழுந்தாய். ஓடி வந்தவர்கள் வலிப்பு என்று சொல்லி உன் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார்கள். நீ அதை இறுகப் பிடித்துக்கொண்டாய், விடவும் முடியவில்லை. கை விடாததைப் பார்த்து வலிப்பேதான் என்று எல்லாரும் முடிவு கட்டிவிட்டார்கள். நீயோ மேலே பார்த்து, "இது யாரு சாவி?" என்று கேட்டாய். வலிப்பு வந்த பிள்ளை அப்படிக் கேட்குமா என்று அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை. ஒரு டாக்டர் வலிப்பு மாத்திரை எழுதிக் கொடுத்தார். அதைச் சாப்பிட்ட காலம் முழுக்க நீ வகுப்பில் தூங்கி வழிந்தாய். விழுவது மட்டும் நிற்கவே இல்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், உன்னைப் பார்க்கிறவர்கள் யாரும் நோயாளிப் பிள்ளை என்று சொல்ல மாட்டார்கள். தோளும் தொடையும் கெண்டைக்காலும் உருண்டு திரண்டு இருக்கும். "பயில்வானுக்கு என்ன குடுக்கிய?" என்று கேட்காத பெண்கள் நம் தெருவில் இல்லை. உன் டிரில் வாத்தியார் அந்தக் காலைப் பார்த்துத்தான் உன்னைக் கபடிக்குத் தேர்ந்தெடுத்தார். விசில் அடித்ததும் மற்றவர்கள் பாய, நீ கோட்டுக்கு அருகில் சிலைபோல நின்றாய். சோம்பேறி என்று திட்டி வெயிலில் ஓடவிட்டார். ஓட ஓட உனக்குக் கால் இளகி, கடைசியில் எல்லாரையும் முந்தி ஓடியிருக்கிறாய். அது அவருக்கு இன்னும் கோபத்தை மூட்டியது. "ஓட முடியுதுல்லா? அப்ப எதுக்குலே நடிக்க?" என்று கேட்டாராம். இதை நீ வீட்டில் வந்து சொன்னபோது அழவில்லை. "நான் நடிக்கேனாம்மா?" என்று சந்தேகமாகத்தான் கேட்டாய். உனக்கே தெரியவில்லை என்பதுதான் அன்றைக்கு என்னைக் கொன்றது.

முதல் அடிதான் உனக்குச் சிக்கல், போகப் போகச் சரியாகிவிடும் என்பதை நீயேதான் கண்டுபிடித்தாய். பள்ளிக்குக் கிளம்பும் முன் மாடிப்படியில் ஏறி ஏறி இறங்குவாய். பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே இருப்பாய். பஸ் வந்ததும் ஏற வேண்டுமே. அதைப் பார்த்து ஒரு கண்டக்டர், "தம்பி, அவசரம்னா அந்தப் பக்கம் போயிட்டு வா, வண்டி நிக்கும்" என்று பெருந்தன்மையாகச் சொன்னதை நினைத்து அப்பா இப்போதும் தனியாகச் சிரிப்பார். ஆண்டு விழாவில் பரிசு வாங்கப் போனாய். சிறப்பு விருந்தினர் கை குலுக்கினார். நீ கையை விடவில்லை. அவர் சிரித்தார், இழுத்தார், மறுபடி சிரித்தார். "பையனுக்கு நம்மள ரொம்பப் பிடிச்சிருச்சு" என்று மைக்கில் சொன்னார். மைதானமே கை தட்டியது. மேடையிலிருந்து நீ என்னைத் தேடியது எனக்குத் தெரிந்தது. நான் கூட்டத்தில் எழுந்து நின்று கொஞ்சம் பலமாகவே கை தட்டினேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

எல்லாம் மாறியது ஒரு காணும் பொங்கலன்று. முயல் தீவுக் கடற்கரைக்கு நாமும் உன் மாமா குடும்பமும் போயிருந்தோம். என் அண்ணனைப் பற்றி நான் மதிக்கு எழுத வேண்டியதில்லை, அவளுடைய அப்பாதான். உப்பு லோடு ஏற்றும் இரண்டு லாரி, ஊரைக் கூட்டும் குரல், தங்கச்சி மகன் என்றால் உயிர். நீயும் மதியும் மணலில் உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டுக்கொண்டிருந்தீர்கள். அவள் திடீரென்று "வாலே கதிரு, யாரு மொதல்ல" என்று கத்திக்கொண்டு தண்ணீரை நோக்கி ஓடினாள். நீயும் எழுந்து பின்னால் ஓடினாய். முட்டளவுத் தண்ணீரில் கால் இரண்டும் விறைத்து முகம் குப்புற விழுந்தாய். நீ முங்கு நீச்சல் போடுகிறாய் என்று மதி கை தட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அண்ணன் மட்டும் கையிலிருந்த தட்டை எறிந்துவிட்டு வேட்டியோடு ஓடினான். உன்னைத் தூக்கித் தோளில் போட்டு முதுகில் அடித்தான். தண்ணீரைக் கக்கிவிட்டு நீ மூச்சை இழுத்த சத்தம் இன்றைக்கும் என் காதில் இருக்கிறது.

உன்னைத் துண்டில் சுற்றி என் மடியில் போட்டுவிட்டு அண்ணன் சொன்னான்: "ஏளா, இது வலிப்பு இல்ல. நான் பொரட்டும்போது இவன் என்னையப் பாத்தாம்ளா. முழிச்சிக்கிட்டேதான் தண்ணிக்குள்ள கெடந்திருக்கான். எல்லாம் தெரிஞ்சிருக்கு, எந்திரிக்க மட்டும் முடியல. இங்கன உள்ள டாக்டரெல்லாம் போதும். பெரிய எடத்துல காட்டு."

அடுத்த வாரமே மதுரைக்குப் போனோம். அந்த நரம்பியல் டாக்டரம்மாவை உனக்கு நினைவிருக்கும். எங்களிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்கும் முன்னால் உன்னைப் பார்த்து, "தம்பி, என் கையைக் கெட்டியா பிடி பார்ப்போம். சரி, இப்ப விடு" என்றார். உன்னால் விட முடியவில்லை. உன் முகம் சிவந்தது. அவர் கையை இழுக்கவில்லை. "மெதுவா விடு, எனக்கு ஒண்ணும் வேலையில்லை" என்று சொல்லி உன் வகுப்பைப் பற்றி, நண்பர்களைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருந்தார். விரல்கள் ஒவ்வொன்றாக விடுபட்டன. பிறகு உன் கட்டை விரலின் அடிச் சதையில் சின்னச் சுத்தியலால் தட்டினார். விரல் மடங்கி உள்ளே போய் அங்கேயே நின்றது. அடுத்த அறையில் தசையில் ஊசி செருகி, அதிலுள்ள மின்சாரத்தை ஸ்பீக்கரில் கேட்க வைத்தார்கள். திரேஸ்புரம் கடற்கரையில் படகு எஞ்சினைக் கிளப்பினால் சத்தம் ஏறி ஏறிப் பின் மெல்ல இறங்கி அடங்குமே, அப்படி இருந்தது. ஊசி வலியையும் மறந்து நீ, "எம்மா, எனக்குள்ள போட்டு எஞ்சின் ஓடுது" என்றாய். டாக்டரம்மா சிரித்துவிட்டார்.

நோயின் பெயரைச் சொல்லிவிட்டு ஒரு தாளில் படம் வரைந்து காட்டினார். தசையின் ஒவ்வொரு செல்லுக்கும் ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. அந்தச் சவ்வில் புரதத்தால் ஆன வாசல்கள் இருக்கின்றன. சோடியத்துக்கு ஒன்று, பொட்டாசியத்துக்கு ஒன்று, குளோரைடு அயனிக்கு ஒன்று என்று தனித்தனியாக. இறுகு என்று மூளையிலிருந்து உத்தரவு வந்தால் சோடியம் உள்ளே பாய்ந்து தசை இறுகும். உத்தரவு நின்றதும் தசை அடங்குவதற்குக் குளோரைடு தன் வாசல் வழியே போய்வர வேண்டும். உனக்கு அந்தக் குளோரைடு வாசலைச் செய்கிற மரபணுவில் பிழை. வாசல் சரியாகத் திறப்பதில்லை. அதனால் நீ விடச் சொன்ன பிறகும் தசை தன்பாட்டில் இறுகிக்கொண்டே இருக்கிறது. திரும்பத் திரும்ப அசைத்தால் இளகிவிடும். "இவன் சோம்பேறியும் இல்ல, நடிக்கவும் இல்ல. இவனுக்கு வலிப்பே கிடையாது. அந்த மாத்திரையை எப்படிக் குறைச்சு நிறுத்தணும்னு எழுதித் தர்றேன்" என்றார். அப்போது நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். "கேட்டியா?" என்று கேட்பதுபோல ஒரு பார்வை. கேட்டேன் ராசா, நன்றாகக் கேட்டேன்.

அப்பா தயங்கித் தயங்கி, "குளோரைடுன்னா உப்புல உள்ளதுதானங்க? உப்பு கூடக் குடுத்தாச் சரியாயிருமா?" என்று கேட்டார். அவர் கேட்டதில் தப்பில்லை. உப்பு ஆலையின் சோதனைச்சாலையில் நாள் முழுக்க உப்பில் குளோரைடு எவ்வளவு என்று அளந்துகொண்டிருக்கிற எனக்கே அந்த நினைப்புத்தான் ஓடியது. நம் ஊரில் அதற்கா பஞ்சம்? டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார்: "உப்பு குறையலை சார். எவ்வளவு கொடுத்தாலும் வாசல் திறந்தாத்தானே? இதை அடியோட மாத்த இப்போ மருந்து இல்லை. இதயத் துடிப்புக்குக் கொடுக்கிற மாத்திரை ஒண்ணு இறுக்கத்தைக் குறைக்கும், தேவைப்பட்டா இதயத்தைச் சோதிச்சுட்டுக் கொடுப்போம். உயிருக்கு ஆபத்தான நோய் இல்லை. ஆனா தண்ணியில தனியா விடாதீங்க. ஆபரேஷன் எதுக்காவது போனா மயக்க மருந்து டாக்டர்கிட்ட முதல்ல இதைச் சொல்லுங்க. சில மருந்து இவனுக்கு ஒத்துக்காது." அந்தக் கடைசி வாக்கியத்தை நீ எழுதிப் பர்சில் வைத்திருக்கிறாய் அல்லவா? பர்ஸ் மாற்றும்போது அதையும் மாற்று.

மரபணுச் சோதனைக்காக நம் மூன்று பேரின் ரத்தமும் கொடுக்கப் போன ஆஸ்பத்திரியில் ஒரு பெண்ணைப் பார்த்தோம். திண்டுக்கல் பக்கம். மடியில் மெலிந்த பெண் குழந்தை, மூச்சுக்கு மூச்சு இருமல். அந்தக் குழந்தைக்கும் குளோரைடு வாசலில்தான் பிழையாம், ஆனால் அது வேறு வகை வாசல், நுரையீரலிலும் குடலிலும் இருப்பது. அது வேலை செய்யாததால் சளி பசைபோலக் கெட்டியாகிவிடுகிறது, வியர்வையிலும் உப்பு அதிகம். "முத்தம் குடுத்தா உதடெல்லாம் உப்புக் கரிக்கும்க்கா. அதைச் சொன்னா வீட்டுல யாருமே நம்பலை" என்றாள் அவள். சிறுநீரகத்திலும் காதிலும் எலும்பிலும்கூட இப்படி வாசல்கள் உண்டு, எது கெட்டால் எந்த நோய் வரும் என்றெல்லாம் அவளுக்கு அத்துபடி. பிறகு உன்னைப் பார்த்துவிட்டு, "உங்க பையனுக்கு உயிருக்கு ஒண்ணுமில்லையே?" என்று கேட்டாள். இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். "நல்லாருக்கட்டும்" என்று உன் கன்னத்தைத் தொட்டாள். அந்தக் குழந்தை தன் பிஸ்கட்டில் பாதியை உன்னிடம் நீட்டியது. நீ வாங்கித் தின்றாய். அவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்களோ தெரியாது. கோயிலில் கும்பிடும்போது பெயர் தெரியாத அந்தக் குழந்தையையும் சேர்த்துத்தான் கும்பிடுகிறேன்.

சோதனை முடிவு வந்தது. அப்பாவிடமிருந்து ஒரு பிழை, என்னிடமிருந்து அதே பிழை. அப்பா என் சொந்த அத்தை மகன். ஆக, எங்கள் இருவருக்கும் பொதுவான மூத்தவர் யாரிடமிருந்தோ வந்திருக்கிறது. அந்த மரபணு எல்லாருக்கும் இரண்டு பிரதி, தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று. ஒரு பிரதி நன்றாக இருந்தாலே வாசல் ஓரளவு ஒழுங்காக வேலை செய்துவிடும், அதனால் எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. இரண்டு பிழையும் உன்னிடத்தில் சேர்ந்துவிட்டன. பஸ்சில் திரும்பி வரும்போது கோவில்பட்டி தாண்டும் வரை அப்பா அந்தத் தாளையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "யாரு வீட்டுக் கோளாறுன்னு ரெண்டு பக்கத்துலயும் பேசுனாங்கல்லா? இப்ப பாத்தியா, ரெண்டு பேரும் சமமாத்தான் குடுத்திருக்கோம்" என்றார். நான் அழுதேன். அவர் உன் தலைக்கு மேலாகக் கையை நீட்டி என் தோளில் வைத்துக்கொண்டார். நீ நடுவில் தூங்கிக்கொண்டிருந்தாய்.

அதற்கப்புறம் உன் படிப்பும் வேலையும் நல்லபடியாக நடந்ததை நான் எழுத வேண்டாம். மாமா தட்டில் பூவும் பழமும் வைத்துக்கொண்டு மதிக்கு உன்னைக் கேட்க வந்த நாளைப் பற்றித்தான் எழுத வேண்டும். அதைப் பற்றி நாம் இதுவரை பேசியதே இல்லை. சின்ன வயதிலிருந்து எல்லாரும் உங்களைச் சேர்த்து வைத்துப் பேசியதுதான், எனக்கும் ஆசை இல்லாமல் இல்லை. ஆனால் அண்ணன் உடம்பிலும் அந்தப் பிழை இருக்கலாம், அவனிடமிருந்து மதிக்கும் வந்திருக்கலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தது என் மனதில் முள்ளாகக் கிடந்தது. "அண்ணே, இது வேண்டாம். சொந்தத்துல வேண்டாம்" என்றேன். அவன் தட்டை இன்னும் கீழேகூட வைக்கவில்லை.

"ஏளா, என்ன சொல்லுத?"

"பிள்ளைக்கு வந்துரும் அண்ணே. மதிக்கும் அது இருந்தாப் பாதிக்குப் பாதி வரும்."

"என்ன வந்துரும்?"

"கதிருக்கு உள்ளது."

அண்ணன் என்னையே பார்த்தான். பிறகு நம் வீட்டுச் சுவர் அதிரும்படி கத்தினான்: "கதிருக்கு உள்ளது வந்தா வரட்டும்! இவன மாதிரி ஒரு பிள்ள பொறந்தா என்ன கெட்டுப்போச்சி? இவன்ட்ட என்னளா கொறை? தண்ணிக்குள்ள இருந்து நான் தூக்குனேன் இவன. வேண்டாத பிள்ளையவா தூக்குனேன்?"

நீ உள்ளே இருந்து வந்து கதவோரம் நின்றிருந்தாய். எப்போது வந்தாய் என்று தெரியவில்லை. அவன் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே போனான். நீ செருப்பை மாட்டிக்கொண்டு அவன் பின்னாலேயே போனாய். லாரி ஷெட்டில் இரண்டு பேரும் டீ குடித்துக்கொண்டு இருட்டும்வரை உட்கார்ந்திருந்தீர்கள் என்று பின்னால் அண்ணி சொன்னாள்.

அதன் பிறகு மாமா நம் வீட்டுப் படி ஏறவில்லை. தீபாவளிக்கும் வரவில்லை. வந்தது மதிதான். தானாகவே ரத்தம் கொடுத்துச் சோதித்து, முடிவை முதலில் தன் அப்பாவிடம் காட்டிவிட்டு, அப்புறம் நம் வீட்டுக்கு வந்து என் முன்னால் உட்கார்ந்தாள். "அத்த, எனக்கும் பிழையுள்ள பிரதி ஒண்ணு இருக்கு. நீங்க பயந்தது சரிதான்" என்றாள். "அப்ப விட்டுருவோம்ளா" என்றேன். அவள் தலையை ஆட்டினாள். "இல்லத்த. தெரியாமக் கெட்டிக்கிட்டாத்தான் பயம். நாங்க ரெண்டு பேரும் எல்லாம் தெரிஞ்சிக்கிட்டுத்தான் கெட்டிக்கிடப் போறோம். பிள்ளையப் பத்தி அது வரும்போது நாங்க யோசிச்சிக்கிடுதோம்." கண்ணில் தண்ணீர் நின்றது, குரல் மட்டும் அசையவில்லை. அன்று சாயந்திரமே மாமா வந்தான். வாசலில் நின்றுகொண்டே, "ஏளா, எனக்குள்ளயும் அது இருக்காம்ளா! இத்தன வருசமா லாரி ஓட்டுதேன், ஒரு நாளும் ஸ்டியரிங்குல கை ஒட்டுனதில்ல" என்றான். என்னவோ தனக்கும் நம் சொத்தில் பங்கு கிடைத்துவிட்டதுபோல அவன் முகத்தில் ஒரு பெருமை. நானும் அவனும் அழுதுகொண்டே சிரித்தோம்.

கல்யாணத்தன்று நடந்ததை நீ மணமேடையில் இருந்து பார்த்தாய், நான் கீழே இருந்து பார்த்தேன். முகூர்த்தம் வரை கையை மடக்கி விரித்துக்கொண்டே இரு என்று சொல்லி அனுப்பியிருந்தேன். ஆனால் ஐயர் மாற்றி மாற்றி எதையாவது கையில் கொடுத்துக்கொண்டே இருந்தார். தாலியை எடுத்து மதி கழுத்தில் வைத்து முதல் முடிச்சை இறுக்கினாய். விரல் அங்கேயே நின்றுவிட்டது. கெட்டிமேளம் கொட்டுகிறது, மண்டபம் முழுக்க அட்சதையோடு தூக்கிய கை தூக்கினபடி நிற்கிறது. ஐயர் உன்னைப் பார்க்கிறார், சொந்தக்காரர்கள் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். மேளக்காரர் ஓய்ந்துவிடலாமா என்று கையைத் தளர்த்தப் போனார். மாமா பெண்ணைப் பெற்றவன் என்பதையும் மறந்து, "அடிங்க அண்ணாச்சி, நிறுத்தாதிய! எம்மாப்பிள்ளை கெட்டி முடிக்கிற வரைக்கும் அடிங்க!" என்று கத்தினான். மேளம் மறுபடி எழுந்தது. மதி திரும்பாமலேயே உதட்டை அசைத்து உன்னிடம் ஏதோ சொன்னாள். நீ சிரித்தாய். விரல் விட்டது. இரண்டாவது முடிச்சு விழுந்தது. அவள் என்ன சொன்னாள் என்று நான் இதுவரை கேட்கவில்லை, இனியும் கேட்க மாட்டேன்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். பரிசோதனை செய்வதா, செய்த பிறகு என்ன செய்வது என்பதில் எனக்கு ஓட்டு இல்லை. மாமாவுக்கும் இல்லை, அவன் போனில் என்ன கத்தினாலும் சரி. எங்களுக்கு மனசு சங்கடப்படும் என்று நினைத்து ஒன்றைச் செய்யவும் வேண்டாம், செய்யாமல் இருக்கவும் வேண்டாம். உடம்பு மதியினுடையது, அவள் சொல்வதை முதலில் கேள். நீங்கள் எதைச் செய்தாலும் நாங்கள் வந்து நிற்போம். ஒன்று மட்டும் சொல்கிறேன். எனக்கு உன்னை வளர்த்ததில் கஷ்டமெல்லாம் என்ன ஏது என்று தெரியாமல் கிடந்த அந்த வருடங்கள்தான். நீ தூங்கி வழிந்தது, நடிக்கிறாய் என்று பெயர் வாங்கியது, தண்ணீருக்குள் கண்ணைத் திறந்துகொண்டு கிடந்தது எல்லாம் அந்த வருடங்களில்தான். பெயர் தெரிந்த பிறகு இருந்தது வேலை மட்டும். உன் பிள்ளைக்கு அப்படி வந்தால், முதல் தடவை அது விழுந்து எழுந்து கண்ணைத் திறக்க முடியாமல் அழும்போது, அதற்கு என்ன நடக்கிறது என்று உள்ளிருந்து தெரிந்த ஒருவன் பக்கத்தில் இருப்பான். எனக்கு அப்படி யாரும் இருக்கவில்லை.

கஷ்டமாக இருந்தது ராசா. பல நாள் மிகவும் கஷ்டமாக இருந்தது. நீ வேண்டாம் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை. இதைப் படிக்கும்போது நடுவில் "ஆனால்" என்று ஒரு சொல்லை நீயாகச் சேர்த்துக்கொள்ளாதே. நான் அதைப் போடவில்லை. இரண்டும் தனித்தனியாக, முழுசாக உண்மை.

அம்மா